மலை ஏறுமுன் மழைக்கோட்டைப் பார்!

1964-ம் ஆண்டு, மார்ச் மாதம் 14-ந் தேதி, சனிக்கிழமை.

இங்கிலாந்தில் "பீக்" வட்டாரம் என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே அன்று ஒரு நடைப்போட்டி தொடங்கியது. அதன் பெயர் "நான்கு விடுதி நடை". மலைப்பாதையில் உள்ள நான்கு விடுதிகளைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். மொத்த தூரம் 45 மைல்.

சுமார் 240 இளைஞர்கள் உற்சாகமாகப் புறப்பட்டார்கள். எல்லோரும் நல்ல உடற்கட்டு உள்ளவர்கள். நடந்து பழகியவர்கள்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே பலத்த காற்று!

போட்டியை முடித்தவர்கள் 22 பேர்தான். மூன்று இளைஞர்கள் வீடு திரும்பவே இல்லை. குளிரில் விறைத்து மாண்டார்கள்.

இந்தச் செய்தி இங்கிலாந்தையே உலுக்கியது. வலிமை மிக்க வாலிபர்கள் ஒரு மழைக்கு எப்படிப் பலியானார்கள்?

டாக்டரின் ஆராய்ச்சி

இதை ஆராய்ந்தவர் டாக்டர் கிரிஃபித் பியூ. இவர் சாதாரண டாக்டர் அல்ல. 1953-ல் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினார்கள் அல்லவா? அந்தக் குழுவோடு போன உடலியல் நிபுணர் இவர்தான்.

மாண்டவர்கள் எப்படி நடந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்று அவர் விசாரித்தார். நனைந்த உடையையும் காற்றையும் வைத்துச் சோதனைகள் நடத்தினார். முடிவைக் கட்டுரைகளாக வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மை இதுதான்: உலர்ந்த உடை உடம்பின் சூட்டைக் காக்கிறது. அதே உடை நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால், காக்கும் சக்தியில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதோடு களைப்பும் சேர்ந்தால் ஆபத்து!

இது ஏன்?

துணியின் இழைகளுக்கு நடுவே காற்று தங்கியிருக்கிறது. அந்தக் காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. துணி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும்.

மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகிறது. ஆகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈர உடையோடு காற்றில் நிற்கும் மனிதனும் அந்தப் பானையைப் போலத்தான்!

மனித உடம்பின் உட்சூடு சுமார் 37 டிகிரி சென்டிகிரேடு. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம். முதலில் நடுக்கம் எடுக்கும். பிறகு கால் தடுமாறும். பேச்சு குழறும். புத்தி மயங்கும். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே ஆள் உட்கார்ந்துவிடுவான். நீர் உறையும் அளவுக்குக் குளிர் இல்லாத நாளிலும் இது நடக்கும்.

சிறிய மலை, பெரிய மழை

பிரிட்டனின் மலைகள் உயரமானவை அல்ல. மிக உயரமான பென் நெவிஸ் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. உயரம் 1,345 மீட்டர். இங்கிலாந்தின் உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர்தான். நீலகிரியின் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர்!

ஆனால் அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக அந்த மலைகளில் வந்து மோதுகிறது. ஸ்கேஃபெல் பைக்கின் அடிவாரத்தில் சீத்வெயிட் என்று ஒரு சிற்றூர் உண்டு. மனிதர் வாழும் ஊர்களில் இங்கிலாந்திலேயே மழை மிகுந்த ஊர் அது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல இரண்டரை மடங்கு!

உச்சியில் மரம் இல்லை. ஒதுங்க இடம் இல்லை. குடை பிடித்தால் காற்று பறித்துக்கொண்டு போய்விடும். ஆகவே, விடுமுறை நாளில் குழந்தைகுட்டிகளோடு மலை நடைக்குப் போகிறவர்கள்கூட அங்கே மழைக்கோட்டு இல்லாமல் கிளம்புவதில்லை.

மழைக்கோட்டு பிறந்த கதை

தென் அமெரிக்காவின் பழங்குடி மக்கள் ரப்பர் மரத்தின் பாலைத் துணியில் பூசி, நீர் புகாமல் செய்யத் தெரிந்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் இதைத் தொழிலாக்கியவர் கிளாஸ்கோ நகரத்து ரசாயன நிபுணர் சார்லஸ் மாக்கின்டாஷ். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தா எண்ணெயில் அவர் ரப்பரைக் கரைத்தார். அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து ஒட்டினார். 1823-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கு அவருடைய பெயரே ஒரு பெயர்!

ஆனால் அந்தக் கோட்டில் தொல்லைகள் இருந்தன. குளிரில் விறைத்தது. வெயிலில் பிசுபிசுத்தது. நாற்றமும் அடித்தது. இந்தக் குறைகள் பிறகு பெரும்பாலும் தீர்ந்தன. ஒரு குறை மட்டும் தீரவே இல்லை.

அதுதான் வியர்வை!

மலை ஏறுகிறவனுக்கு இரண்டு தண்ணீர்கள் எதிரி. ஒன்று வெளியிலிருந்து வரும் மழை. மற்றொன்று உள்ளிருந்து வரும் வியர்வை. ரப்பர் கோட்டு மழையை வெளியே நிறுத்தியது. வியர்வையை உள்ளே பூட்டியது. மழையில் நனையாதவன் வியர்வையில் நனைந்தான். ஈரம் எங்கிருந்து வந்தால் என்ன? குளிர் ஒன்றுதானே!

இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்று "வென்டைல்" என்ற துணியைக் கண்டுபிடித்தது. முழுவதும் பருத்தி. மிக நெருக்கமாக நெய்தது. நனைந்தவுடன் நூல் பருத்து, கண்களை அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த கடலில் விழும் விமானிகளைக் காப்பாற்ற இந்தத் துணியில் உடை தைத்தார்கள். பிறகு மலைக்காரர்களும் அதை விரும்பி அணிந்தார்கள். ஆனால் நெடுநேரம் நனைந்தால் அது கனத்துவிடும்.

வெடுக்கென்று இழுத்தார்!

1969-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாப் கோர் என்ற நிபுணர், சூடாக்கிய பிளாஸ்டிக் கம்பி ஒன்றை நீட்ட முயன்றுகொண்டிருந்தார். அது சாதாரண பிளாஸ்டிக் அல்ல. இன்று ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்தப் பொருள்.

மெதுவாக இழுத்தார். கம்பி அறுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடியும் அறுந்தது. பொறுமை இழந்து வெடுக்கென்று ஒரே இழுப்பு இழுத்தார். என்ன ஆச்சரியம்! கம்பி பல மடங்கு நீண்டுவிட்டது! உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகியிருந்தன.

அந்தத் துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. ஆனால் வியர்வையின் ஆவி தாராளமாக வெளியேறும். 1976-ல் இந்தச் சவ்வை ஒட்டிய துணி "கோர்டெக்ஸ்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிறகு வேறு பல கம்பெனிகளும் இதுபோன்ற துணிகளைச் செய்தன.

ஆனாலும் இது மாயக்கோட்டு அல்ல. செங்குத்தாக ஏறும்போது வியர்வை பெருகும். அவ்வளவு ஆவியையும் எந்தத் துணியாலும் வெளியேற்ற முடியாது. வெளியே காற்றிலும் ஈரம் நிறைந்திருந்தால் ஆவி இன்னும் மெதுவாகவே போகும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயரையும் விலையையும் முதலில் பார்க்கவேண்டாம். இவற்றைப் பாருங்கள்:

தையல்: ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல். கோட்டை உட்புறமாகத் திருப்புங்கள். எல்லாத் தையலின் மேலும் பட்டை நாடா ஒட்டியிருக்க வேண்டும். சில தையல்களில் மட்டும் ஒட்டியிருந்தால் அது சாரல் மழைக்குத்தான் ஆகும்.

எண்: துணியின்மேல் நீரை உயரமாக நிறுத்திச் சோதிப்பார்கள். எவ்வளவு உயரம் வரை கசியாமல் தாங்குகிறது என்பதே சீட்டில் உள்ள எண். 10,000 மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டர். சுமார் மூன்று மாடி உயரம்! மலை நடைக்கு 10,000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோளில்தான் நீர் முதலில் புகப் பார்க்கும்.

தலைமூடி: தலையைத் திருப்பினால் மூடியும் கூடவே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கண்ணை மறைக்கும். பாறையில் கால் வைக்கும் இடம் தெரியாது. நெற்றிக்கு மேல் விறைப்பான விளிம்பு இருந்தால் மழை முகத்தில் அடிக்காது.

அளவு: கம்பளிச் சுவெட்டரின் மேல் போட்டுப் பாருங்கள். மலையில் அப்படித்தான் போடவேண்டியிருக்கும். இரண்டு கைகளையும் உயரத் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் கோட்டு குட்டை.

காற்றுவழி: அக்குளில் ஜிப் உள்ள கோட்டு நல்லது. ஏறும்போது திறந்து விடலாம். காற்று அடித்தால் மூடலாம்.

பை: முதுகுப்பையின் இடுப்புப் பட்டை கோட்டுப் பையை மறைக்கக் கூடாது. மறைத்தால் வரைபடத்தை எடுக்க முடியாது.

நிறம்: மஞ்சள், சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறம் தூரத்திலிருந்தும் தெரியும். தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

உள்ளே என்ன போடுகிறோம் என்பதும் முக்கியம். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது. குளிர் மலைக்கு மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோதான் ஏற்றது. மழைக்கால்சட்டையும் வேண்டும். மேலே உலர்ந்து கீழே நனைந்தால் பாதி வேலைதான் ஆகும்.

"ஒழுகுகிறது" என்று எறிந்துவிடாதீர்!

புதுக் கோட்டில் மழைத்துளி விழுந்தால் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடும். வெளித்துணியில் ஒரு மருந்து தடவியிருப்பதே காரணம். அழுக்கும் உராய்வும் பட்டு அது நாளடைவில் தேய்ந்துவிடும். பிறகு வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். உள்ளே உள்ள சவ்வு மழையைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மேலே ஈரம் படிந்துவிட்டதால் வியர்வை ஆவி வெளியே போகாது. உள்ளே ஈரமாகும்.

பலர் "கோட்டு ஒழுகுகிறது" என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அவர்களுடைய வியர்வைதான்!

வழி சுலபம். துணிகளை மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல், சாதாரண சலவைத்தூளும் போடாமல், இதற்கென்றே விற்கும் சோப்பில் துவைக்க வேண்டும். சீட்டில் அனுமதி இருந்தால் இளஞ்சூட்டில் உலர்த்தலாம். சூடு பட்டால் மருந்து மீண்டும் வேலை செய்யும். அப்போதும் துளி உருளாவிட்டால் கடையில் கிடைக்கும் மருந்தை மறுபடி தடவலாம்.

முன்பு இந்த மருந்துகளில் புளோரின் சேர்ந்த ரசாயனங்கள் இருந்தன. மண்ணிலும் நீரிலும் அவை எளிதில் அழிவதில்லை என்று தெரிந்தபின், பல கம்பெனிகள் அவற்றைக் கைவிட்டன. கோர் கம்பெனியும் 2022-ல் அத்தகைய ரசாயனம் இல்லாத புதுச் சவ்வை வெளியிட்டது. புதுவகைக் கோட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் படியும். எனவே அடிக்கடி துவைக்க வேண்டும்.

பைக்குள் இருந்தால் பயன் இல்லை

அனுபவம் மிக்க மலைக்காரர்கள் முதல் தூறலிலேயே கோட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று நனைந்தபின் போட்டால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும். துணைக்கு வந்தவர் நடுங்கினால், தடுமாறினால், குழறினால் அவர் சொல்வதைக் கேட்கவேண்டாம். உடனே காற்றிலிருந்து ஒதுக்கி, உலர்ந்த உடை கொடுத்து, உதவி தேடவேண்டும்.

1964-ல் நடந்த அந்த விபத்துக்குப் பிறகு, பீக் வட்டாரத்தின் மீட்புக் குழுக்கள் ஒரே அமைப்பாக இணைந்தன. ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடி இன்றும் அவர்கள் மழையில் மலை ஏறுகிறார்கள். அவர்களும் புறப்படுமுன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டுதான் புறப்படுகிறார்கள்.

மலை எங்கேயும் போய்விடாது. மேகம் கறுத்தால் திரும்பி வந்து, இன்னொரு நாள் ஏறலாம். வீட்டில் காத்திருப்பவர்களுக்குச் சிகரம் முக்கியம் அல்ல. போனவர் திரும்பி வருவதே முக்கியம்!