புது போன் வாங்கப் போறீங்களா? கேமராவுக்கு முன்னாடி இந்தத் தேதியைப் பாருங்க!

செல்போன் கடைக்குள் நுழைந்ததும் முதலில் வரும் கேள்வி, “பட்ஜெட் எவ்வளவு சார்?” அடுத்து கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எத்தனை ஜிபி, சார்ஜ் எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று பேச்சு ஓடும். “இந்த போனுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?” என்று கேட்பவர்கள் குறைவு. ஆண்ட்ராய்டா, ஐபோனா என்ற சண்டையை விட முக்கியமான கேள்வி இதுதான்.

அப்டேட் வராட்டி என்ன ஆகும்?

உடனே எதுவும் ஆகாது. போன் பேசும், படம் ஓடும். அதனால்தான் பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஓஎஸ்ஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அந்த போனில் அடைக்கப்படாமலே இருக்கும். அடுத்து ஒவ்வொரு ஆப்பாக விலகத் தொடங்கும். ஐஓஎஸ் 15.1-க்கு முந்தைய ஓஎஸ்ஸில் வாட்ஸ்அப் வேலை செய்வது 2025 மே மாதத்தோடு நின்றது. ஐபோன் 5எஸ், ஐபோன் 6 வைத்திருந்தவர்களுக்கு வேறு வழியே இல்லை. அந்த போன்கள் ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது.

ஓஎஸ்ஸையே நிறுவனம் கைவிட்ட கதையும் உண்டு. லூமியா போன்களில் இருந்த விண்டோஸ் போன் ஓஎஸ்ஸில் வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-உடன் நின்றது. பிளாக்பெர்ரியின் பழைய ஓஎஸ் போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-உடன் முடிந்தது. இரண்டுமே ஒரு காலத்தில் ‘கெத்து’ போன்கள்!

யாருக்கு உண்மையான சிக்கல்?

புது போன் வாங்கினால் பழையதை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். “அவங்களுக்கு வாட்ஸ்அப் பார்த்தா போதும்” என்பார்கள். அதே போனில்தான் பென்ஷன் வரும் கணக்கின் யுபிஐயும் ஓடிபியும் இருக்கும். அப்டேட் நின்றுபோன போன், மோசடி அழைப்புகளுக்கு எளிதில் ஏமாறக்கூடியவர் கையில் போய்ச் சேருகிறது. நமக்கு மூன்று வருஷம், வீட்டுப் பெரியவருக்கு மூன்று வருஷம் என்று கணக்குப் போட்டு வாங்குவதே சரி.

யார் எத்தனை வருஷம் தர்றாங்க?

கூகுள் பிக்சல் 8 (2023), சாம்சங் கேலக்ஸி எஸ்24 (2024) இரண்டுக்கும் 7 ஆண்டுகள் என்று நிறுவனங்களே அறிவித்துள்ளன. விலை உயர்ந்த போனுக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். 20 ஆயிரம் ரூபாய்க்குள் விற்பனைக்கு வந்த கேலக்ஸி ஏ16 5ஜி மாடலுக்கு 6 ஆண்டுகள் சொல்லியிருக்கிறார்கள். அதே விலையில் இரண்டே ஆண்ட்ராய்டு அப்டேட் தரும் போன்களும் பக்கத்து அலமாரியிலேயே இருக்கும். கேட்டால்தான் தெரியும்.

ஆப்பிள் இப்படி முன்கூட்டியே பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. ஆனால் நடைமுறையில் நீண்ட காலம் தருகிறது. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024-ல் வெளியான ஐஓஎஸ் 18 வரை பெற்றது. 2025-ல் வந்த ஐஓஎஸ் 26, ஐபோன் 11-லிருந்துதான் கிடைக்கிறது. (18-க்கு அடுத்து நேராக 26, எண் வைக்கும் முறையை ஆப்பிள் மாற்றிவிட்டது.)

ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ் பெரும்பாலும் சீனாவுக்குள்தான். சென்னை ஐஐடியில் வளர்ந்த நிறுவனம் உருவாக்கிய பாரோஸ் 2023-ல் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் கடையில் போய் ‘பாரோஸ் போன் கொடுங்க’ என்று கேட்கும் நிலை வரவில்லை. ஆக, சாதாரண வாடிக்கையாளருக்கு இருப்பது இரண்டே வழி.

ஆஃபரில் ஒளிந்திருக்கும் கணக்கு

7 ஆண்டுகள் என்பது நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து! 2024 ஜனவரியில் வந்த எஸ்24-ஐ 2026 தீபாவளி ஆஃபரில் வாங்கினால், மிச்சம் இருப்பது நாலு வருஷம் சொச்சம்தான். அதுவும் நல்ல கணக்குதான். ஆனால் மூன்று வருஷம் மட்டும் அப்டேட் உள்ள போனை இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்குவது, காலாவதி தேதி நெருங்கிய பிஸ்கட்டை வாங்குவது போலத்தான். செகண்ட்ஹேண்ட் ஐபோனுக்கும் இதே கணக்கு.

ஓஎஸ் மாறினால் கையைக் கடிப்பவை

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்கள் அதிகம் தடுமாறுவது வாட்ஸ்அப்பில். கூகுள் டிரைவில் உள்ள பேக்கப்பை ஐபோனில் திறக்க முடியாது. ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் மூலம் மாற்றலாம். ஐபோனை முதன்முதலில் செட்டப் செய்யும்போதே இதைச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு செட்டப்பை முடித்துவிட்டால், போனை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய ஆப்களும் கூட வராது.

இப்போது கையில் இருக்கும் போனின் நிலை தெரிய வேண்டுமா? ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய், ‘செக்யூரிட்டி அப்டேட்’ பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அது ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதியாக இருந்து, புது அப்டேட்டும் இல்லை என்று காட்டினால், அந்த போனில் இருக்கும் வங்கி ஆப்பை வேறு போனுக்கு மாற்றிவிடுவது நல்லது.