பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் என்பது தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் தந்தி இசைக்கருவி. இதற்குப் பொதுவாக 4 தந்திகள் உண்டு. இவை சாதாரண கிட்டாரின் தடித்த 4 தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' இக்கருவியைப் பரவலாக்கியது.

இசைக்குழுவில் பங்கு

டிரம்ஸின் தாளத்தையும் பாடகரின் மெட்டையும் இணைப்பது பேஸ். பாடும் சுரம் மாறாமலே பாட்டின் உணர்வை இது மாற்றிவிடும். எடுத்துக்காட்டாக, சட்ஜமும் அந்தர காந்தாரமும் மேலே நீடிக்கும்போது, பேஸ் கீழே சட்ஜமம் வாசித்தால் மகிழ்ச்சியான மேஜர் கார்டாகக் கேட்கும். சதுச்ருதி தைவதம் வாசித்தால் அதுவே சோகமான மைனர் கார்டாகிவிடும்.

தமிழ்த் திரையிசையில்

இளையராஜாவின் பல பாடல்களில் பேஸ் ஒரு தனி மெட்டாகவே நடக்கும். அவருக்கு நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களுக்கு வாசித்தவர்களுள் சென்னையின் கீத் பீட்டர்ஸ் குறிப்பிடத்தக்கவர். மோகினி டே ரகுமானின் மேடைக் கச்சேரிகளில் வாசித்துள்ளார்.

மெல்லிசை மேடைகளில்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத் திருவிழாக்கள் போன்ற மேடைகளில் பேஸ் கலைஞர் இல்லாத சிறு குழுக்களுக்கு, கீபோர்டு கலைஞரின் இடக்கையே அந்த வேலையைச் செய்யும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களைச் சரிவரத் தராது. எனவே பேஸ் கலைஞரின் உழைப்பை அறிய விரும்பும் மாணவர்கள் ஹெட்போனில் கேட்பது நல்லது.