யார் மிக வலிமையானவர்?

ஜப்பானியப் படக்கதைகளை ‘மங்கா’ என்று அழைப்பர். அவற்றுள் உலகப் புகழ் பெற்றது ‘ஒன் பீஸ்’. எய்ச்சிரோ ஓடா எழுதி வரையும் இக்கதை, 1997ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ என்னும் வார இதழில் தொடங்கியது. கடற்கொள்ளையரின் அரசனாக விரும்பும் லூஃபி என்ற இளைஞனின் கடற்பயணமே இக்கதை. இதன் ரசிகர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்: “இக்கதையில் மிக வலிமையானவர் யார்?”

விடை கூறுவது எளிதன்று. கதையில் வைட்பியர்ட் என்பவர் உலகின் மிக வலிமையான மனிதர் எனப் போற்றப்படுகிறார். கைடோ என்பவர் உயிரினங்களுள் மிக வலிமையானவர் எனப்படுகிறார். மிஹாக் என்பவரோ மிக வலிமையான வாள்வீரர். மூவருக்கும் பட்டம் இருப்பதால், பட்டத்தை மட்டும் காட்டி வெல்ல முடியாது.

சிலர் பரிசுத் தொகையைச் சான்றாகக் காட்டுவர். கடற்கொள்ளையரைப் பிடிப்போருக்கு அரசாங்கம் அறிவிக்கும் தொகை அது. தொகை உயர்ந்தால் வலிமையும் உயர்ந்தது என்பது அவர்களின் வாதம். ஆனால், நிக்கோ ராபின் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோதே அவளைப் பிடிக்க 7 கோடியே 90 லட்சம் பெரி அறிவிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட பழங்கால எழுத்துகளை அவளால் படிக்க முடியும் என்பதே காரணம். போரிடும் ஆற்றல் பெற்ற மருத்துவன் சாப்பருக்கோ முதலில் வெறும் 50 பெரிதான் அறிவிக்கப்பட்டது. அவனைக் கப்பலின் செல்லப்பிராணி என்று தவறாக எண்ணிவிட்டனர். ஆகவே, இத்தொகை அரசாங்கத்தின் அச்சத்தைக் காட்டுகிறது. உடல் வலிமையை அளப்பதில்லை.

இன்னும் சிலர், “யார் யாரை வென்றார்?” என்று பார்ப்பர். இதுவும் முழுமையான அளவுகோல் அன்று. எனெல் என்பவனின் மின்னலுக்கு எதிரே பலரும் வீழ்ந்தனர். லூஃபியின் உடலோ ரப்பர். மின்னல் அவனைப் பாதிக்கவில்லை. பெரோனா ஏவும் ஆவிகள் எவரையும் மனம் தளரச் செய்யும். லூஃபியே அவற்றிடம் சோர்ந்துபோனான். ஆனால், எப்போதும் தன்னைத் தாழ்வாகவே நினைக்கும் உசோப்பை அந்த ஆவிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் வென்றதால், லூஃபியைவிட வலிமையானவன் என்று கூற முடியுமா?

இங்குதான் விவாதத்தின் அடிப்படை புலப்படுகிறது. ‘வலிமை’ என்ற ஒரே சொல்லை ஒருவர் உடல் ஆற்றல் என்றும், மற்றவர் போர்த்திறன் என்றும், வேறொருவர் மன உறுதி என்றும் பொருள்கொள்கின்றனர். பொருள் வேறுபட்டால் விடையும் வேறுபடும். இதனை உணராதவர்கள் குரலை உயர்த்துவர். பிறகு எதிரில் இருப்பவரையே இழிவாகப் பேசுவர். கற்பனைக் கதையில் தொடங்கிய பேச்சு உண்மையான நட்பை முறித்துவிடும்.

நல்ல விவாதம் வேறு விதமாக நடக்கும். முதலில், எதை வலிமை என்கிறோம் என்று இருவரும் முடிவு செய்வர். பிறகு, கதையின் எந்த நிகழ்வு தம் கருத்துக்குச் சான்று என்று சுட்டுவர். எதிர்ச்சான்று கிடைத்தால் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்கமாட்டார்கள். அவ்வாறு மாற்றிக்கொள்வது தோல்வியன்று. அதற்கும் ஒரு வலிமை வேண்டும்.

அடுத்த முறை நண்பர் ஒருவர் “இவர்தான் மிக வலிமையானவர்” என்று கூறினால், உடனே மறுக்காதீர்கள். “எந்த வகையில்?” என்று கேட்டுப் பாருங்கள்.