ஒரே ஊருக்குள் இவ்வளவா? அரிட்டாபட்டி பற்றி இதெல்லாம் தெரியுமா?

மதுரைக்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் போனதே இல்லை என்பார்கள்! மேலூர் பக்கத்தில், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், வயலும் கண்மாயும் சூழ்ந்த ஒரு கிராமம். பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு நாலைந்து மொட்டைப் பாறை தெரியும், அவ்வளவுதான். அந்தப் பாறைகளில் 2,200 ஆண்டுப் பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. குஜராத்திலிருந்து புகழ் பரப்பிய ஒரு சைவ ஆசான் உட்கார்ந்திருக்கிறார். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய பறவை குடியிருக்கிறது. எல்லாமே ஒரு காலை நேரத்து நடைக்குள்!

முதலில் அந்தப் பாறைக் குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலைக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவது நல்லது, பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை தோசைக்கல்தான். மலையின் ஒரு பக்கம் இயற்கையாக அமைந்த குகைத்தளம் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்கிய இடம். இப்படிப்பட்ட குகைகளில் வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்களில் அதற்குப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று பெயர். பாண்டவர்கள் படுக்காத மலையே மதுரையில் கிடையாது!

இனி தலையை நிமிர்த்திக் குகையின் நெற்றியைப் பாருங்கள். பாறையின் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். எதற்குத் தெரியுமா? மேலிருந்து வழியும் மழைத்தண்ணீர் குகைக்குள் புகாமல் அந்த விளிம்பிலேயே சொட்டிக் கீழே விழுந்துவிடும். துறவிகளும் நனையமாட்டார்கள், காடிக்குக் கீழே வெட்டிய எழுத்தும் அழியாது. எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார்களோ! 2,000 மழைக்காலத்துக்கு மேல் தாங்கிய வேலை அது.

எழுத்து தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி. நெல்வெளியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்கிறது ஒரு கல்வெட்டு. நெல்வெளி என்பது இன்றைய திருநெல்வேலி என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இன்னொரு கல்வெட்டு இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகுதான் கண்டறியப்பட்டது. அதில் வருகிற கொடையாளர் இலஞ்சிக்காரர். குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சியேதான் அது என்றால், இரண்டு பேருமே தென்கோடி ஆட்கள்! பேருந்தா ரயிலா, எதுவும் இல்லாத காலத்தில் மதுரைக்கும் வடக்கே வந்து, யாரோ முகம் தெரியாத துறவி படுக்க இடம் வெட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிழிவன் என்ற பெயரில் ஒரு ழகரம் வருகிறது, கவனித்தீர்களா? வடக்கத்திப் பிராமியில் இல்லாமல் தமிழுக்கென்றே உண்டாக்கிய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

கதை அத்தோடு முடியவில்லை! ஆயிரம் ஆண்டு கழித்து அதே மலைக்கு அச்சணந்தி என்ற சமண முனிவர் வருகிறார். இவரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சமணர் மலை, ஆனைமலை, உத்தமபாளையம், ஐவர்மலை, வடக்கே வள்ளிமலை, தெற்கே சிதறால் என்று தமிழகம் முழுக்கப் பாறைகளில் பெயர் பதித்தவர். இங்கே ஒரு தீர்த்தங்கரர் சிற்பம் செய்வித்தார். சிற்பத்தின் மேல் சுண்ணச் சாந்து பூசி வண்ணம் தீட்டிய தடம் இன்னும் தெரியும், கிட்டப் போய்ப் பாருங்கள், தொடாமல்! அடியில் வட்டெழுத்தில் ஒரு குறிப்பு. அதன்படி மலையின் அன்றைய பெயர் திருப்பிணையன் மலை. அந்தத் திருமேனியைக் காக்கிற பொறுப்பையும் உள்ளூர்க் குடியினர் கையில் கொடுத்து, அதையும் கல்லிலேயே எழுதிவிட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கொடுத்த இந்தப் பொறுப்பை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மலையின் இன்னொரு பக்கம் சிவன் குடைவரை. முற்காலப் பாண்டியர் வேலை, ஏறக்குறைய 8-ஆம் நூற்றாண்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, பாறையைக் குடைந்தே கோயில் ஆக்கியிருக்கிறார்கள். முகப்பில் ஒரு பக்கம் பிள்ளையார், சரி, எங்கும் இருப்பவர்தான். எதிர்ப்பக்கம் இருப்பது யார் தெரியுமா? லகுலீசர்! பாசுபத சைவத்தை நிலைநிறுத்திய ஆசான். குஜராத்தில் வடோதராவுக்குப் பக்கத்தில் உள்ள காயாரோகணம் அவருடைய தலம். தமிழ்நாட்டில் அவர் சிற்பம் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் உண்டு. ஊர்க்காரர்கள் இந்தக் கோயிலை இடச்சி மண்டபம் என்கிறார்கள். ஒரே மலை, ஒரு பக்கம் சமணப் பள்ளி, ஒரு பக்கம் பாசுபத சைவம். சமணரும் சைவரும் அனல்வாதம் புனல்வாதம் செய்த கதையையே கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதுசுதான்.

இப்போது வானத்தைப் பாருங்கள்! இந்தக் குன்றுகளைச் சுற்றி ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு என்று வேட்டைப் பறவைகளில் முக்கியமான மூன்றும் இங்கே உண்டு. வல்லூறு கூடு கட்டாது, தெரியுமா? செங்குத்துப் பாறையில் ஒரு பொந்தோ விளிம்போ போதும், வெறும் பாறைமேல் முட்டையிட்டுவிடும். இரையைப் பார்த்துவிட்டால் ஷாஹீன் இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழும். முன்பு சொன்ன 300 கிலோமீட்டர் அப்போதுதான். புறா ஒன்று நடுவானில் சட்டென்று காணாமல் போய், நாலு இறகு மட்டும் மிதந்துவந்தால் புரிந்துகொள்ளுங்கள். தரையில் அழுங்கு இருக்கிறது. பல்லே கிடையாது, உடம்பெல்லாம் செதில். அந்தச் செதில் நம் விரல் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. அதைப் போய் மருந்து என்று நம்பி வேட்டையாடுகிறார்கள், என்ன சொல்ல! தேவாங்கும் மலைப்பாம்பும்கூட உண்டு. பகலில் வருகிற உங்களுக்குத் தேவாங்கு காட்சி தராது, அது ராத்திரி ஆள்.

ஏழு குன்றுகள் என்று கணக்கு. இராமாயி மலை, ஆப்டான் மலை, தேன்கூடு மலை, கூகைகத்தி மலை என்று பெயர்களைக் கேட்டாலே ஏறிப் பார்க்கத் தோன்றும்! இந்தக் குன்றுகளில் விழுகிற மழை பாறையில் வழுக்கி ஓடிச் சுனைக்கும் குளத்துக்கும் கண்மாய்க்கும் போகிறது. அரசு தரும் கணக்கு: 72 ஏரி குளங்கள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள். இதில் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். இதே ஊர்தான்! 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேருக்கு அந்தத் தகுதி கிடைத்தது. சரியாக இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இந்த இடமும் உள்ளடங்கிய 2,015 ஹெக்டேர் நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது! ஊர் விட்டதா? கிராமசபைகளில் தீர்மானம், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் மதுரையை நோக்கிப் பேரணி. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கல்லில் எழுதிக் கொடுத்த அந்தக் காவல் பொறுப்பை நினைத்துக்கொண்டேன்.

இன்னும் தெம்பு இருந்தால் மாங்குளம் மலையையும் ஏறிவிடுங்கள், மீனாட்சிபுரம் பக்கம்தான். மூச்சு வாங்கும், ஆனால் மேலே இருப்பது பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பெயர்! அவனுடைய பணியாள் கடலன் வழுதி, கணிநந்தன் என்ற சமணத் துறவிக்காகப் பள்ளி வெட்டுவித்த செய்தி. 1882-இல் ராபர்ட் சீவெல் இந்த எழுத்துகளைப் பற்றி எழுதிவைத்தார். என்ன மொழி என்பதே வெகுகாலம் விளங்கவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் இது தமிழ்தான் என்று காட்டினார். நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1960களில்! வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவும் இங்கே கொடை கொடுத்திருக்கிறது. மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் வெள்ளரிப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது, அதுதான் அந்த வெள்ளறை என்கிறார்கள்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. தண்ணீரும் தொப்பியும் கையோடு கொண்டுபோங்கள், மலைமேல் கடை கிடையாது. ஊரில் யாரையாவது வழி கேட்டு, கூட்டிக்கொண்டே போவது உத்தமம், பாறையில் பாதை என்று தனியாக எதுவும் இல்லை. படம் தெளிவாக விழும் என்று எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள். சில புண்ணியவான்கள் பெயின்ட்டில் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். வல்லூறு அடைகாக்கும் பாறைப் பக்கம் ட்ரோன் பறக்கவிடவே கூடாது. கீழவளவு, கருங்காலக்குடி குகைகளும் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரும் இதே மேலூர் வட்டாரத்தில்தான், ஆனால் அதையும் அன்றைக்கே பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், எதுவும் மனதில் நிற்காது!