கட்டிலோடு கட்டுவது ஏன்?

(நமது நிருபர்)

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை அவர் மகனுடன் நானும் பார்க்கப் போனேன். பெரியவரின் இரு கைகளும் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன.

"எங்கப்பா என்ன திருடனா?" என்று மகன் நர்சிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

பெரியவர் இரவெல்லாம் ஏதேதோ கத்தியிருக்கிறார். சலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இறங்க முயன்றிருக்கிறார். வார்டு நிறைய நோயாளிகள். இரவில் இரண்டே நர்சுகள். விழுந்தால் மறுபடியும் எலும்பு முறியும் என்று பயந்து, டாக்டரைக் கேட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

இது பைத்தியம் அல்ல. டாக்டர்கள் 'டெலிரியம்' என்பார்கள். திடீரென்று வரும், இரவில் அதிகமாகும். காய்ச்சல், கிருமி, இரத்தத்தில் உப்புக் குறைவு, வலி, தூக்கமின்மை, சிறுநீர் அடைப்பு, சில மருந்துகள் இவற்றால் வரும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் வரும். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கட்டுவது கடைசி வழி என்பதே நர்சிங் பாடம். கட்டினால் திமிறல் கூடும். படுக்கைப் புண் வரலாம். முதலில் பெயர் சொல்லி அழைத்து, நிதானமாகப் பேசி, மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, உறவினர் ஒருவரை அருகில் இருத்திப் பார்க்க வேண்டும். கட்டியே தீரவேண்டும் என்றால் முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அடிக்கடி அவிழ்த்துவிட்டு, விரல்கள் நீலம் பாய்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறை என்பதற்காக மட்டுமோ கட்டக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அது மனநல நிலையங்களுக்கான சட்டம். ஆனாலும் நியாயம் எல்லா வார்டுக்கும் ஒன்றுதான்.

சண்டை ஓய்ந்ததும் மகன் குனிந்து கேட்டார். பெரியவர் முனகியது, "ஒண்ணுக்கு... ஒண்ணுக்கு..." என்று. மராத்தி நர்சுக்கு அது எப்படிப் புரியும்? டாக்டர் வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர் அடைத்திருந்தது. குழாய் போட்டு வெளியேற்றியதும் திமிறல் அடங்கியது. கட்டையும் அவிழ்த்தார்கள். நான்கு நாளில் நன்றாகப் பேசத் தொடங்கிவிட்டார்.

அன்று நான் ஒரு காகிதத்தில் 'தண்ணி', 'வலி', 'ஒண்ணுக்கு' என்ற சொற்களை இந்தி எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் குறித்துக் கொடுத்தேன். நர்ஸ் அதைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டார். தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்களை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர்கள், பழத்தோடு இப்படி ஒரு காகிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.