கழுத்து நோவுக்கு ஊசி: ஆய்வுகள் சொல்வதென்ன?

தையல் மெஷினுக்கு முன்னால் மணிக்கணக்கில் குனிந்திருக்கும் சகோதரிகளுக்குப் பிடரி நோவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே விரலால் அழுத்திப் பாருங்கள். பலருக்குக் கடலைக்கொட்டை அளவில் ஒரு முடிச்சு அகப்படும். அழுத்தினால் நோவு தலை வரை ஏறும். அந்த முடிச்சிலேயே மெல்லிய ஊசியைக் குத்துவதுதான் 'உலர் ஊசி'ச் சிகிச்சை. மருந்து ஏற்றப்படுவதில்லை, அதனால்தான் இந்தப் பெயர்.

முன்னர் இம்முடிச்சுகளில் விறைப்பு மருந்தே ஏற்றினார்கள். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வைத்தியர் ஜெனட் ட்ரவெல் அதில் பேர்பெற்றவர். மருந்தில்லாத வெறும் ஊசியும் நோவைத் தணிக்கிறது என்று 1979இல் எழுதியவர் செக்கோஸ்லோவாக்கிய வைத்தியர் காரெல் லெவிட். அவர் குத்திய 312 இடங்களில் 100க்கு 87 வீதமானவற்றில் உடனே நோவு தணிந்தது. ஆனால் நிரந்தரமாகக் குணமானவை 92 மட்டுமே. ஊசி குத்தாத ஒரு குழுவோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை.

பின்னர் வந்த ஆய்வுகளும் சில கிழமைகளுக்குச் சுகம் உண்டென்றே பெரும்பாலும் சொல்கின்றன. அதற்கப்பால்தான் சந்தேகம். 2020இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில் நாட்பட்ட கழுத்து நோவுள்ள 116 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு சாராருக்கும் பயிற்சியும் கைச் சிகிச்சையும் கொடுத்து, ஒரு சாராருக்கு மாத்திரம் ஊசியையும் சேர்த்தார்கள். ஊசியால் சொல்லத்தக்க மேலதிகப் பலன் கிடைக்கவில்லை!

ஆகவே ஊசிக்கெனக் காசு சேர்க்குமுன், இயன்மருத்துவரிடம் கழுத்துப் பயிற்சியைக் கேட்டுப் பழகுங்கள். (நோவு குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடுவதுதான் நம் வழக்கம்!) கை விறைத்தால், பலமிழந்தால் ஊசியை நாடாமல் முதலில் வைத்தியரைக் காணுங்கள்.

ஊசி போடுவதானால் பயின்றவரிடமே போடுங்கள். கர்ப்பமாயிருந்தாலோ இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். குத்திய இடம் கன்றிப்போவதும் சற்று இரத்தம் கசிவதும் சாதாரணம். ஆனால் தோள் தசைக்குக் கீழேதான் நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி அதைத் துளைப்பது மிக அரிது, எனினும் நடந்திருக்கிறது. குத்திய பின் மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ, விடியட்டும் என்றிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.