மண்டபம் முகாமும் இலங்கைப் பயண அனுமதியும்

மண்டபம் முகாம் என்பது இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் கால்வாய்க்கு மேற்குக் கரையில் உள்ள மண்டபத்தில் அமைந்திருந்த தனிமைப்படுத்தும் முகாம் ஆகும். இந்திய மண்ணில் இருந்தாலும் இதனை நடத்தியது அன்றைய இலங்கை அரசு. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தொடர்வண்டியில் வந்து, கப்பலேறி இலங்கை செல்ல விரும்பிய எளிய மக்கள் இங்கே தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பிறகே மேலே செல்ல அனுமதிக்கப்பட்டனர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருந்த கடல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். அதைக் கடக்கச் சில மணி நேரம் போதும். ஆனால் அனுமதிக்காகக் காத்திருக்கும் நாட்களே பயணத்தின் பெரும்பகுதியாக இருந்தன.

வழியில் பெறும் அனுமதி

ஒரு நாட்டுக்குள் நுழையவோ, அதைக் கடந்து செல்லவோ அந்த நாடு முன்கூட்டி வழங்கும் ஒப்புதல் விசா அல்லது நுழைவிசைவு எனப்படுகிறது. விமானப் பயணி இதனைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே பெற்றுவிடுகிறார். தரைவழியாகச் செல்பவரின் நிலை வேறு. அவர் ஊரை விட்டு வந்துவிட்டார். கையில் அளவான பணம்தான் இருக்கும். அனுமதி மறுக்கப்பட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். இன்றும் ஈரானுக்கும் உசுபெக்கிசுத்தானுக்கும் இடையே துருக்மெனிசுத்தானைக் கடப்பவர்கள், குறிப்பிட்ட எல்லைச் சாவடிகளையும் சில நாட்களையும் மட்டுமே குறிக்கும் கடப்பு விசாவுக்காகக் காத்திருப்பது பயணிகளிடையே நன்கு அறியப்பட்ட சிக்கலாகும்.

காவிரிப் படுகை மக்களுக்கு இத்தகைய அனுபவம் புதியதன்று. விசா என்ற சொல் கிராமங்களுக்கு வருவதற்கு முன்பே, அதன் வேலையைச் செய்த தாள்களும் தகரங்களும் முத்திரைகளும் அங்கே வழக்கத்தில் இருந்தன.

டெல்டாவிலிருந்து புறப்பட்டோர்

தஞ்சை மாவட்டத்தின் நெல் வேளாண்மை பெரும்பாலும் மிராசுதார்களின் நிலத்தில், பண்ணையாட்களின் உழைப்பில் நடந்தது. நிலமற்ற இந்த உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் கூலி குறைவு. கடன் தலைமுறையாகத் தொடர்ந்தது. இலங்கையில் முதலில் காப்பித் தோட்டங்களும், 1870களுக்குப் பின் காப்பிச் செடிகள் நோயால் அழிந்ததும் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது, கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் திரட்டினர். கங்காணி என்பவர் தோட்டத்துத் தொழிலாளர் குழுவின் தலைவர். பெரும்பாலும் தம் உறவினரையும் ஊராரையும் அழைத்துச் செல்பவர்.

கூலியாட்கள் மட்டும் இலங்கை செல்லவில்லை. கரையோர ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள், கடைச் சிப்பந்திகள், யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்ட நாகசுர, தவில் கலைஞர்கள் ஆகியோரும் இந்த வழியைப் பயன்படுத்தினர்.

பயணப் பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தொழிலாளர்கள் இராமநாதபுரம் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார்ப் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து காட்டுவழியாக மலைநாட்டுக்கு நடந்தனர். காலரா, அம்மை, பசி ஆகியவற்றால் வழியில் இறந்தோர் பலர்.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது இந்தப் பாதையை மாற்றியது. இலங்கை அரசு 1897இல் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. நடைபாதை மூடப்பட்டு, பயணிகள் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் வழிக்குத் திருப்பப்பட்டனர். (இதே சட்டம் 2020இல் கோவிட் தொற்றின்போதும் இலங்கையில் பயன்படுத்தப்பட்டது.)

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மீண்டும் மாறியது. சென்னை எழும்பூரிலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, மானாமதுரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி வரை தொடர்வண்டி சென்றது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். பின்னர் இலங்கைத் தொடர்வண்டி. கப்பலோடு இணைந்ததால் இந்த வண்டி 'போட் மெயில்' எனப் பெயர் பெற்றது. ஆனால் சாதாரணப் பயணியின் வண்டி பாலத்துக்கு முன்பே, மண்டபத்தில் நின்றுவிட்டது.

முதல் அனுமதி: கிராமத்தில்

தொழிலாளியின் முதல் சோதனை மண்டபத்தில் அன்று, சொந்த ஊரிலேயே தொடங்கியது. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் (1922) நடைமுறைக்கு வந்தபின், கங்காணிகள் உரிமம் பெற்றே ஆள் சேர்க்க முடிந்தது. சேர்க்கப்பட்டவர் கிராம முன்சீப் முன் நிறுத்தப்பட்டு, அவர் வெளியேறுவதற்குத் தக்க மறுப்பு எதுவும் இல்லை என்ற ஒப்பம் பெற வேண்டியிருந்தது. ஏமாற்றியோ, குடும்பத்தை விட்டுப் பிரித்தோ ஆட்களைக் கொண்டுபோவதைத் தடுப்பதே விதியின் நோக்கம்.

நோக்கம் நல்லதே. ஆனால் டெல்டாவில் கிராம முன்சீப் பதவி பெரும்பாலும் நிலமுள்ள குடும்பங்களிடமே இருந்தது. நடவுக்கு ஆள் குறைவதை விரும்பாதவர்களும் அதே குடும்பங்கள்தான். ஆகவே பண்ணையை விட்டு வெளியேற நினைத்த உழைப்பாளி, தன்னை வெளியேற விட விரும்பாதவரின் கையொப்பத்தை எதிர்பார்க்க வேண்டிய நிலையும் இருந்தது. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதியே தடையாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தகரச் சீட்டு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் 'தகரச் சீட்டு' முறை கொண்டுவரப்பட்டது. இது ஒரு சிறிய உலோக வில்லை. செல்ல வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் தொழிலாளியின் வரிசை எண்ணும் அதில் குத்தப்பட்டிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்வர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தொலைக்காமல் வைத்துக்கொள்ள இது உதவியது. இதைக் காட்டினால் தொடர்வண்டி, உணவு, கப்பல் ஆகிய செலவுகள் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, அவர் தோட்டம் வரை கொண்டுசெல்லப்பட்டார். 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்ட உரிமையாளர்களுக்காக நிறுவப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையம் இப்பணிகளை ஒருங்கிணைத்தது.

தகரச் சீட்டில் ஆளின் பெயர் இல்லை, எண்ணே இருந்தது. அது பயண அனுமதியாக இருந்த அளவுக்குச் சரக்கின் முகவரி போலவும் இருந்தது. வழிச் செலவு தோட்டத்திலிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளிக்கும் கடனாக இறங்கியது. கடன் விவரம் எழுதிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1923க்குப் பின் வழிச் செலவு பொதுநிதியிலிருந்து ஏற்கப்பட்டது.

முகாமில் நடந்தவை

மண்டபத்தில் இறங்கியவர்கள் வரிசையாக முகாமுக்குள் கொண்டுசெல்லப்பட்டனர். பொதுவாகப் பின்பற்றப்பட்ட நடைமுறை வருமாறு:

1. பெயர்ப் பதிவும் சீட்டுச் சரிபார்ப்பும்.
2. குளியல், உடைகளையும் மூட்டைகளையும் நோய்க்கிருமி நீக்கம் செய்தல்.
3. அம்மை குத்துதல்.
4. கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்தல்.
5. ஏறத்தாழ ஒரு வாரம் வரை கண்காணிப்பு.
6. நோய் அறிகுறி இல்லையெனில் தனுஷ்கோடிக்கு அனுப்புதல்.

ஒரு குழுவில் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவர்களின் காத்திருப்பும் நீண்டது. குடும்பத்தில் ஒருவர் நிறுத்தப்பட்டால், மற்றவர்கள் அவரை விட்டுச் செல்வதா, தங்குவதா, ஊர் திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அனுமதி மறுப்பின் உண்மையான சுமை இதுவே.

மருத்துவ நோக்கில் முகாமால் பயன் விளைந்தது என்பதையும் மறுக்க முடியாது. பழைய காட்டுவழியில் கொத்துக்கொத்தாக நேர்ந்த சாவுகள் நின்றன. உணவும் மருந்தும் கிடைத்தன. ஆனால் சோதனை எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. தோட்டத் தொழிலாளரும் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் தங்க வைக்கப்பட்டனர். மேல் வகுப்பில் வந்தோர் மருத்துவ அலுவலரின் சோதனைக்குப் பின் பயணத்தைத் தொடர முடிந்தது. நோய்க்கிருமி வகுப்பு பார்ப்பதில்லை, விதி பார்த்தது.

சேருமிடத்து அரசே புறப்படும் நாட்டில் சோதனை நடத்தும் முறை இன்றும் உண்டு. அயர்லாந்தின் சேனன், டப்ளின் நிலையங்களிலும் அபுதாபியிலும் அமெரிக்க அதிகாரிகள் பயணிகளை முன்னதாகவே சோதித்து அனுப்புகின்றனர். மண்டபம் இம்முறைக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு எனலாம்.

மருத்துவரிடமிருந்து குடிவரவு அதிகாரிக்கு

பிரித்தானிய ஆட்சியில் இரு நாடுகளுக்கும் இடையே செல்லக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. உடல்நலமே முதன்மைத் தடையாக இருந்தது. பின்வரும் மாற்றங்கள் அந்நிலையை மாற்றின:

1939 ஆகஸ்ட் 1: இலங்கை அரசுப் பணிகளிலிருந்து இந்தியத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டதை அடுத்து, பயிற்சி பெறாத தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது.

1948: இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

1949: இந்திய, பாகிசுத்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க வழி தந்தது. சுமார் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் சுமார் 1.34 இலட்சம் பேர் மட்டுமே.

1949 நவம்பர் 1: குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியர்களுக்கு விசா அல்லது வதிவிட அனுமதி கட்டாயமாயிற்று.

இதன் விளைவு தஞ்சைக் கிராமங்களிலும் உணரப்பட்டது. அதுவரை திருமணம், காதுகுத்து, பெற்றோரின் இறுதிச் சடங்கு என எதற்கும் ஊர் வந்து திரும்பியவர்களுக்கு, வருகையே ஆபத்தானது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று கேட்டது. திருமணமானவர் 7 ஆண்டுகளும் மற்றவர் 10 ஆண்டுகளும் வசித்திருக்க வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இலங்கைக்கு வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. ஊரில் தாயின் நோய்க்காகத் தங்கிய காலமும் இந்தக் கணக்கில் சேரும். பிறப்பு, திருமணம் போன்றவற்றுக்கு எழுத்துச் சான்று இல்லாத மக்களிடம், ஊருக்கு எப்போது சென்றீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று கேட்கப்பட்டது.

கள்ளத்தோணி

சட்டவழி குறுகியபோது கடல்வழி பெருகியது. கோடியக்கரை, வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலிய டெல்டாக் கரையிலிருந்து பாக்கு நீரிணையைத் தோணியில் கடப்பது நெடுங்கால வணிக வழக்கம். 1949க்குப் பின் அதே பயணம் குற்றமாயிற்று. அனுமதியின்றி வந்தவர் 'கள்ளத்தோணி' எனப்பட்டார். நாளடைவில், முறையாக வந்து பல தலைமுறை வாழ்ந்த மலையகத் தமிழரையும் இழிவாகக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. 1952இல் 'மொன்டி நடவடிக்கை' என்ற பெயரிலும், 1963 முதல் தனிப் படைப்பிரிவு அமைத்தும் இலங்கை அரசு கரையைக் காவல் செய்தது.

எதிர்த்திசைப் பயணம்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் சுமார் 9,75,000 பேரின் எதிர்காலத்தை முடிவு செய்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக ஒப்புக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1964 டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது.

இலங்கை செல்வோரைத் தடுத்து நிறுத்திய மண்டபம், இப்போது அங்கிருந்து அனுப்பப்பட்டோரை வரவேற்கும் இடைத்தங்கல் முகாமாயிற்று. தாயகம் திரும்பியோருக்குக் குடும்ப அட்டை வழங்கப்பட்டு, மறுவாழ்வுக்கான இடமும் கடனுதவியும் ஒதுக்கப்பட்டன. பலர் பாட்டனாரின் ஊர்ப்பெயரை மட்டும் அறிந்திருந்தனர்; அந்த ஊரில் அவர்களுக்கு நிலமோ வீடோ இல்லை. இம்முறையும் எங்கே செல்வது என்பதை ஒரு தாளே சொன்னது. 1983க்குப் பின் போரிலிருந்து தப்பிவந்த ஈழத்தமிழர்களுக்கும் மண்டபமே முதல் தங்குமிடமாயிற்று.

இன்றைய நிலை

1980களில் நின்றுபோன பயணிகள் கப்பல் சேவை, புதிய வழியில் 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கப்பட்டது. இடையில் நிறுத்தப்பட்ட இச்சேவை 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தூரமுள்ள இப்பயணத்துக்குக் கடவுச்சீட்டும் இலங்கையின் நுழைவு அனுமதியும் தேவை. இலங்கை 2012 முதல் இணையவழிப் பயண அனுமதி முறையைப் பின்பற்றி வருகிறது.

இதனால் டெல்டாவிலிருந்து இலங்கை செல்லும் பயணி இன்று அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டிலிருந்து பெற முடிகிறது. 'மண்டபம் முகாம்' என்ற பெயரோ ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது.